முதலில் எங்கே போவது? சுகாதார நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓர் இன்டர்ன்ஷிப் கணக்கு

எங்கள் தாமானில் நாலு வீடு தள்ளி இருக்கும் தங்கச்சி, கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். சுகாதார நிர்வாகமும் கொள்கையும்தான் அவள் எடுத்த பிரிவு. அப்பா முதலில் பால்மரம், அப்புறம் செம்பனை என்று முப்பது வருடம் தோட்டத்தில் உழைத்தவர். அம்மா இன்னும் ஃபேக்டரிக்குப் போகிறார். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே அவள் அம்மாவும் வந்தார்.

"அக்கா, பன்னிரண்டு வாரம் பிராக்டிகல் செய்யணும். நாலு இடம் பார்த்து வச்சிருக்கேன். எதை எடுக்கிறதுன்னு தெரியல."

நாலு இடம் எவை என்று கேட்டேன். கோலகங்சாரில் இருக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகம். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. ஷா ஆலம் செத்தியா ஆலமில் உள்ள சுகாதார அமைச்சின் ஆய்வுக் கழகம். நாலாவது, மணிலாவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வட்டார அலுவலகம். இது போதாதென்று லேப்டாப்பில் 'கனவு' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டர். அதில் பிரிட்டனின் செவனிங் உபகாரச்சம்பளம், அமெரிக்க ஃபெலோஷிப்கள் என்று ஒரு நீண்ட பட்டியல்.

நான் ஈப்போவில் மருத்துவமனைத் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வி எனக்கும் வந்தது. அப்போது சுங்கை சிப்புட்டில் இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று நம் ஆட்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியை நடத்துவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, திட்டம் போடுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னால், "அப்ப நீ நர்ஸா?" என்பார்கள். அதனால்தான் அன்று ராத்திரி அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி ஊர்களிலிருந்து இதே படிப்புக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்டர்ன்ஷிப் என்பது மாணவராக இருக்கும்போது செய்வது. பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு போவோம். சில வாரமோ சில மாதமோ இருப்போம். ஃபெலோஷிப் பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகு வருவது, சிலது பல வருட அனுபவத்துக்குப் பிறகுதான் வரும். இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும் கதவுகள் அல்ல. தங்கச்சி ஃபோல்டரில் இருந்ததில் பாதிக்கு மேல் அவள் இப்போது விண்ணப்பிக்கவே முடியாதவை. அது தெரியாமல் மூன்று ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டில் அரசு மருத்துவமனை இயக்குநர், மாவட்டச் சுகாதார அதிகாரி நாற்காலிகளில் டாக்டர்கள்தான் உட்காருகிறார்கள். டாக்டர் அல்லாத நம் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தில் இருக்கும் வழி ஆய்வு அதிகாரி, அறிவியல் அதிகாரி, நிர்வாக அதிகாரி போன்ற பணிகள். 2024 டிசம்பர் 1 முதல் புதிய சம்பள முறை வந்து, பட்டதாரிகள் சேரும் பழைய 41-ஆம் கிரேடு இப்போது 9 ஆகியிருக்கிறது. பழைய விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தனியார் பக்கம் தரப் பிரிவு, காப்புறுதிக் கணக்கு, கேஸ்மிக்ஸ் எனும் நோய்வாரிச் செலவுக் கணக்கு, செயல்பாட்டு நிர்வாகம் என்று கதவுகள் அதிகம். எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று இருபத்து நாலு வயதில் உறுதியாகத் தெரியாது. அதனால் முதல் பன்னிரண்டு வாரத்தை இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற இடத்தில் செலவழிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, தனியார் மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் முதலில் எடுத்தது அதைத்தான். அலவன்ஸ் கொடுத்தார்கள், வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்வரலாம், கட்டடம் குளுகுளுவென்று இருந்தது. பத்து வாரத்தில் ஏழு வாரம் நான் செய்தது பழைய நோயாளிக் கோப்புகளை ஸ்கேன் செய்வது. நிர்வாகக் கூட்டம் நடக்கும் அறைக் கதவு என் மேசைக்கு எதிரே இருந்தது. ஒரு நாள்கூட உள்ளே கூப்பிடவில்லை. 'இன்டர்ன் எதற்கு?' என்று ஒருவர் கேட்டது கதவு மூடும் முன் என் காதில் விழுந்தது. அந்த இன்டர்ன்ஷிப் அறிக்கையை எப்படி எழுதி முடித்தேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அதற்காகத் தனியார் பக்கமே போகாதே என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. மருத்துவக் காப்புறுதி பிரீமியம் தாறுமாறாக ஏறி, 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரிக்கச் சொன்னது. அதிலிருந்து டிஆர்ஜி பற்றிய பேச்சு பலமாகக் கேட்கிறது. ஒரே மாதிரி நோய், ஒரே மாதிரி சிகிச்சை உள்ளவர்களை ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்கு ஒரு விலை வைப்பதுதான் டிஆர்ஜி. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் யுகேஎம் மருத்துவமனை 2000-களின் தொடக்கத்திலேயே கேஸ்மிக்ஸ் முறையைக் கொண்டுவந்து இதற்கு வழி காட்டியது. இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. ஆகவே தனியார் மருத்துவமனை "உன்னை நோய்களுக்குக் குறியீடு போடும் கோடிங் பிரிவில் உட்கார வைக்கிறோம்" என்றோ, "எம்எஸ்கியூஎச் என்ற மருத்துவமனைத் தர அங்கீகாரத்துக்குத் தயாராகிறோம், அந்தக் குழுவில் சேர்ந்துகொள்" என்றோ எழுத்தில் சொன்னால் தாராளமாகப் போகலாம். "வாங்க, வேலை நிறைய இருக்கு" என்று மட்டும் சொன்னால் அந்த வேலை ஸ்கேனிங்தான். அரசு நிறுவனமான டேலன்ட்கார்ப்பின் மைசிப் என்ற இன்டர்ன்ஷிப் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமா என்றும் கேட்க வேண்டும். அதில் இன்டர்னுக்கு அலவன்ஸ் கொடுப்பது விதி, கொடுக்கும் நிறுவனத்துக்கு வரிச்சலுகை உண்டு. அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மாவட்டச் சுகாதார அலுவலகம் என்றதும் தங்கச்சியின் முகம் சுருங்கியது. "பக்கத்து ஊரு அக்கா. அதுக்கா கேஎல் போய்ப் படிச்சேன்?" அம்மாவும் தலையசைத்தார். இந்த இடத்தில்தான் நான் கொஞ்ச நேரம் எடுத்துப் பேசினேன்.

அந்தப் பத்து வாரத்துக்குப் பிறகு, படிப்பின் கடைசிப் பருவத்தில், பேராக்கில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் கீழ் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசுச் சுகாதாரக் கிளினிக்கில், ஆறு வாரம் இருந்தேன். எனக்குக் கொடுத்த வேலை, நீரிழிவு கிளினிக்குக்கு வராமல் போனவர்களின் பட்டியலைச் சரிபார்ப்பது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'வரவில்லை' என்று இருக்கும். சிலருக்கு 'அறிவுரை கூறப்பட்டது'. எனக்கும் முதல் வாரம் அது வெறும் பட்டியல்தான். நாக்கைக் கட்டுப்படுத்தாதவர்கள், மருந்தைச் சாப்பிடாதவர்கள் என்று நானும் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு பாட்டி வந்தார். பேரங்காடிப் பையை நாலாக மடித்து, அதற்குள் பச்சைப் புத்தகம். நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுப்பார்களே, அந்தப் புத்தகம்தான். ஓரம் வியர்வையில் ஊறிக் கறுத்திருந்தது. மூன்று தவணை வராமல் நாலாவதற்கு வந்திருந்தார். ஏன் பாட்டி வரவில்லை என்று தமிழில் கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை அவரிடம் யாரும் தமிழில் கேட்டதில்லை போலிருக்கிறது, என் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாக்கிழமை வேன் வராதுமா. தோட்டத்து வேன் வியாழக்கிழமைதான் டவுனுக்கு வரும். தனி வண்டின்னா முப்பது வெள்ளி கேக்கிறான்."

கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி. அங்கே போய்ச் சேர 30 வெள்ளி. நீரிழிவுத் தவணைகள் செவ்வாய்க்கிழமை என்பது கிளினிக்கின் ஏற்பாடு; வேன் வியாழக்கிழமை என்பது தோட்டத்தின் ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாட்டி. பட்டியலை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அதே தோட்டத்திலிருந்து இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். பொறுப்புத் தாதியிடம் காட்டினேன். அந்த அம்மா பட்டியலை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வியாழக்கிழமைத் தவணை. கூட்டமோ தீர்மானமோ எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பேனாவால் எழுதினார், முடிந்தது.

நான் படித்த கொள்கைப் பாடம் முழுவதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் அது 31.4 சதவிகிதம் என்று இருக்கிறது. அதற்கு முந்தைய ஆய்வின் இதே மாதிரி எண்ணை நான் பரீட்சையில் எழுதியிருந்தேன். அந்த எண்ணுக்குள் ஒரு வேன் இருப்பது எனக்குத் தெரியாது. 2019-இல் தொடங்கிய, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெகா பி40 சுகாதாரத் திட்டத்தில் போக்குவரத்து உதவியும் உண்டு. ஆனால் அது நீரிழிவுக்காக மாதாமாதம் கிளினிக்குக்கு வந்துபோவதற்கு இல்லை. திட்டத்தை எழுதியவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிய, ஓட்டைக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் உட்கார வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது, அதை அவர்களே மதிப்பதில்லை. மாவட்ட அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு, கடிதம், அறிக்கை எல்லாம் மலாயில்தான். நம் பிள்ளைகளுக்கு மலாய் எழுத வரும், தமிழ் பேச வரும், ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை படிக்க வரும். மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது பெரிய நகரத்து அலுவலகத்தில்கூட அபூர்வம். அப்புறம், தோட்டத்துக்கும் சுகாதாரத்துக்கும் உள்ள உறவு நமக்குக் குடும்பக் கதை. என் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசருக்கு, அதாவது மருத்துவ உதவியாளருக்கு, கைவேலை செய்தவர். காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிரசவத்துக்கும் டிரெசர் ஐயாதான். தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டபோது அந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைகளும் போயின. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 446-ஆம் சட்டம் என்பார்கள், மருத்துவ வசதி பற்றியும் குழந்தைக் காப்பகம் பற்றியும் விதிகள் உண்டு. ஆயாக் கொட்டகை என்ற தோட்டத்துக் காப்பகத்தில் வளர்ந்த பிள்ளை அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

மாவட்டத்தில் குறை இல்லையா? இருக்கிறது. அலவன்ஸை நம்பிப் போகக் கூடாது. இருக்கிறதா என்று முன்கூட்டியே பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். டிங்கிப் பரவல் வந்தால் உன் மேற்பார்வையாளர் இரண்டு வாரம் காணாமல் போவார். அதைவிடப் பெரிய சிக்கல் அனுமதி. அமைச்சின் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ நோயாளிகளின் தகவலை வைத்து ஆய்வு செய்வதென்றால், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது என்எம்ஆர்ஆரில், பதிந்து, மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். இது நியாயமான விதி, நோயாளியின் தகவல் தெருவில் கிடக்கும் பொருள் இல்லை. ஆனால் நாள் பிடிக்கும். என் வகுப்பில் ஒருவன் வேலையில் சேர்ந்த அன்றைக்குத்தான் படிவத்தைத் திறந்தான். ஒப்புதல் வந்தபோது அவன் பிராக்டிகல் முடிய ஒரு வாரம்தான் மிச்சம். மாவட்டம் போவதாக இருந்தால் மூன்று நாலு மாதத்துக்கு முன்னாலேயே ஆய்வுக் கேள்வியை எழுதி, அங்கே உள்ள ஓர் அதிகாரியைக் கூட்டு ஆய்வாளராகக் கேட்டுப் பதிந்துவிட வேண்டும்.

செத்தியா ஆலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியச் சுகாதாரக் கழகங்கள் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சுகாதார முறைமை ஆய்வுக் கழகமும் சுகாதார நிர்வாகக் கழகமும் நம் படிப்புக்கு நேராகப் பொருந்துபவை. நான் மேலே சொன்ன 31.4 சதவிகிதத்தை எடுத்த பொதுச் சுகாதாரக் கழகமும் அங்கேதான். புள்ளிவிவரத்தில் கை ஓடும் பிள்ளைக்கு, ஆய்வு அதிகாரி வேலைக்குக் கண் வைத்திருக்கும் பிள்ளைக்கு, இதைவிட நல்ல இடம் நாட்டில் இல்லை. செலவு ஒன்றுதான் யோசனை. அறை வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் கையிலிருந்து போகும். தங்கச்சிக்கு எண்கள் அவ்வளவு பிடிக்காது, ஆட்களோடு பேசத்தான் பிடிக்கும். அதனால் இதை ஓரமாக வைத்தோம்.

கோலாலம்பூரில் கஸானா ஆய்வுக் கழகம், கேலன் மையம் போன்ற சிந்தனைக் குழுக்களும் இருக்கின்றன. செராஸில் யுகேஎம் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் உலகச் சுகாதாரக் கழகம் இருப்பது பலருக்குத் தெரியாது. எழுத்து நன்றாக வருபவர்களுக்கு இவை நல்ல இடங்கள். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து வருடச் சீர்திருத்தம் பேசுகிறது. அதைப் படித்து, உன் ஊருக்கு அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனால் பேட்டியில் பேச விஷயம் இருக்கும்.

அவள் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தை நான் சேர்த்தேன். ஜொகூர் சிகாமட்டில், மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் சியாக்கோ என்ற சமூகச் சுகாதாரக் கண்காணிப்பு மையத்தை நடத்துகிறது. பெக்கோக், சாஆ, கெமெரே, சுங்கை சிகாமட், ஜாபி என்று ஐந்து முக்கிம்களில் (உட்பிரிவு வட்டாரங்களில்) வீடு வீடாகப் போய், அதே குடும்பங்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து தகவல் எடுக்கிறார்கள். தோட்டப்புறமும் கம்போங்கும் சீனர் புதுக்கிராமமும் கலந்த வட்டாரம். நம் மாதிரி ஊரை உலகத்தரத்தில் ஆராய்வது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். மோனாஷ் மாணவர்களுக்கு வழி எளிது. மற்றவர்கள் தங்கள் பேராசிரியர் மூலமாக எழுதிக் கேட்க வேண்டும். தங்கச்சியின் பேராசிரியருக்கு அங்கே தொடர்பு இல்லை, நேரமும் போதாது. இல்லாவிட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

இப்போது மணிலா. "மணிலாவா? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று அம்மா கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தனியாக அனுப்பவே யோசித்த காலம் ஒன்று நம் வீடுகளில் இருந்தது.

மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இருக்கிறது, அதன் தலைமையகம் மணிலா. மலேசியா, புருணை, சிங்கப்பூருக்கான அலுவலகம் சைபர்ஜெயாவில். இன்டர்னுக்கு வயது குறைந்தது 20, மூன்று வருட முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும், நெருங்கிய உறவினர் அங்கே வேலை செய்யக் கூடாது. காலம் 6 வாரம் முதல் 24 வாரம் வரை. முன்பெல்லாம் சம்பளம் கிடையாது. பணக்கார நாட்டுப் பிள்ளைகள்தான் போக முடிந்தது. அதைப் பற்றி நிறையக் குரல் எழுந்து, 2018-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது: 2022-க்குள் இன்டர்ன்களில் பாதிப் பேராவது ஏழை நாடுகள், நடுத்தர வருமான நாடுகளிலிருந்து வர வேண்டும் என்று. 2020-இல் உதவித்தொகையும் வந்தது. நடுத்தர வருமான நாடு என்றால் நாமும்தான். ஆகவே அந்தக் கதவு நமக்காகவும் திறந்த கதவு. டிக்கெட், விசா செலவுக்கு மட்டும் கையில் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு விஷயத்தை அவளிடம் அழுத்திச் சொன்னேன். முதலாவது, காலக்கெடு. மாணவராக இருக்கும்போதோ, படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள்ளோ தொடங்கினால்தான் உண்டு. அதற்குப் பிறகு அந்தக் கதவு அடைபடும், திரும்பத் திறக்காது. இரண்டாவது, நிலைமை. 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்த பிறகு நிறுவனத்தின் பணம் சுருங்கியது, ஆட்களைக் குறைத்தார்கள். ஆட்குறைப்பு நடக்கும் அலுவலகத்தில் இன்டர்னைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை, என்ன எழுதித் தர வேண்டும் என்று பேட்டியிலேயே கேட்க வேண்டும். பெயர் பெரியது என்பதற்காக இதைக் கேட்காமல் விட்டால், எனக்கு ஈப்போவில் நடந்தது அவளுக்கு மணிலாவில் நடக்கும்.

கனவு ஃபோல்டரைச் சீக்கிரமாகவே பிரித்தோம். அமெரிக்க மருத்துவமனைகளின் நிர்வாக ஃபெலோஷிப்கள் ஒன்று இரண்டு வருடச் சம்பள வேலைகள். தலைமை நிர்வாகிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரிவு பிரிவாகச் சுற்றிக் கற்பது. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் அங்கேயே அங்கீகரிக்கப்பட்ட சுகாதார நிர்வாகப் படிப்பை முடிப்பவர்களுக்கு, அதிலும் விசாப் பொறுப்பை ஏற்காத மருத்துவமனைகள் நிறைய. இங்கிருந்து நேராகப் போக வழியில்லை. அமெரிக்க அரசின் அதிபர் நிர்வாக ஃபெலோ திட்டம் ஒன்று அவள் பட்டியலில் இருந்தது. 1977-இல் தொடங்கி அரசாங்க நிர்வாகத்துக்கு எத்தனையோ பேரை உருவாக்கிய திட்டம். 2025 பிப்ரவரியில் ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டார்கள். பழைய பட்டியல்களில் இன்னும் அதன் பெயர் இருக்கிறது. எந்த வாய்ப்பையும் அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்தில் இன்றைய தேதிக்குப் பார்க்காமல் நம்பக் கூடாது.

செவனிங் நிஜமான கனவு, ஆனால் இன்றைக்கு இல்லை. பிரிட்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு முழுச் செலவும் தருவார்கள். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு வருடம். படித்து முடித்து இரண்டு வருடம் நம் நாட்டில் இருக்க வேண்டும். கையில் ஏற்கெனவே ஒரு மாஸ்டர்ஸ் இருக்கும் பிள்ளைக்கு இது இரண்டாவது மாஸ்டர்ஸ். லண்டனில் எல்எஸ்இ என்ற பொருளாதாரப் பள்ளியும் ஹைஜீன் அண்ட் டிராப்பிகல் மெடிசின் பள்ளியும் சேர்ந்து நடத்தும் சுகாதாரக் கொள்கை, திட்டமிடல், நிதி படிப்பு மாதிரி ஒன்றுக்கு என்றால் மட்டும் போகலாம். தென்கிழக்காசியாவில் சுகாதாரச் சமத்துவத்துக்கான அட்லாண்டிக் ஃபெலோ திட்டம் பாங்காக்கை மையமாக வைத்து நடக்கிறது. வேலையை விடாமலே செய்யலாம் என்பது அதன் அழகு. அதுவும் சில வருடம் களத்தில் நின்றவர்களுக்குத்தான். இரண்டையும் 'முப்பது வயசு' என்று வேறு ஃபோல்டரில் போட்டாள்.

மிச்சம் இருந்தது பணக் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றான நாட்டில், பன்னிரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் ஒரு பிள்ளை வேலை செய்வது அந்த வீட்டுக்கு என்ன பாரம் என்று அவள் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈப்போ தனியார் மருத்துவமனை மாதம் 800 தருவதாகச் சொல்லியிருந்தது. மூன்று மாதத்துக்கு 2,400. "ஆண்டி, இந்தப் பணம் வேணும்னா வேணும், அதுல தப்பே இல்ல" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வீட்ல இருந்தே போய்ட்டு வர்ற மாதிரி இருந்தா, சமாளிச்சுக்கலாம். வாடகை கட்ற மாதிரி இருந்தா முடியாது" என்றார். கோலகங்சார் என்றால் வாடகை இல்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சும்மாதான் நிற்கிறது.

என் கருத்தைத் தயங்காமல் சொன்னேன். மாவட்டத்துக்கு முதலில் போ. மணிலாவுக்கு விண்ணப்பத்தை அங்கே இருந்துகொண்டே போடு, படிப்பு முடியும் தேதியிலிருந்து ஆறு மாதம் எண்ணிக் காலண்டரில் சிவப்பில் குறி. மணிலா விண்ணப்பத்தில் உனக்கு ஏன் இதில் ஆர்வம் என்று எழுத வேண்டும். இன்றைக்கு எழுதினால், 'சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்பதற்கு மேல் உன்னால் எழுத முடியாது. ஆறு வாரம் கிளினிக்கில் உட்கார்ந்துவிட்டு எழுதினால், வேன் மாதிரி உனக்கும் ஒன்று கிடைத்திருக்கும். மணிலாவில் உட்கார்ந்திருப்பவர் அதைப் படிக்காமல் அடுத்த விண்ணப்பத்துக்குப் போக மாட்டார். வரிசையை மாற்றி மணிலாவுக்கு முதலில் போனால், அங்கே எழுதும் அறிக்கையில் வரும் 'கிராமப்புற நோயாளி' யார் என்று உனக்கே தெரியாது.

"சரிக்கா, மணிலா கிடைக்கலன்னா?" என்றாள்.

கிடைக்காமலும் போகலாம். பெரும்பாலான பேருக்குக் கிடைப்பதில்லை. சைபர்ஜெயாவுக்கும் சேர்த்துப் போடு. அதுவும் இல்லையென்றால் கையில் ஒரு மாவட்ட ஆய்வும், முறையாகப் பதிந்த ஒப்புதலும், உன்னைத் தெரிந்த ஓர் அதிகாரியின் பரிந்துரையும் இருக்கும். நான் இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறேன். எங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரிய பெயர்கள் வருகின்றன. இந்த மூன்றும் சேர்ந்து வருவது குறைவு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்டாத துறை என்று நான் நினைக்கவில்லை. ஈப்போ அரசு மருத்துவமனையில் நுரையீரல் மருத்துவராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் 2008 முதல் 2018 வரை எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவர் பேச்சிலும் எழுத்திலும் சுகாதார நிதி எப்போதும் இருந்தது. கட்சி, அரசியல் எல்லாம் வேறு விஷயம். பொது மருத்துவமனைக்கு யார் பணம் கட்டுவது என்ற பேச்சை நம் காப்பிக் கடைகளில் கேட்டு வளர்ந்தவள் நான்.

மணி பத்தரை ஆகிவிட்டது. அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டே எங்களுக்காகத் தேநீர் ஆற்றினார். தங்கச்சி என்எம்ஆர்ஆர் பக்கத்தைத் திறந்து கணக்குத் தொடங்கினாள். ஆய்வின் தலைப்பு என்ற கட்டத்தில் விரல் நின்றது.

"என்ன எழுதட்டும் அக்கா?"

"உங்க அப்பா வேலை செஞ்ச தோட்டத்துல இப்ப கிளினிக்குக்கு எப்படிப் போறாங்க?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பெரிய மாரியம்மன் கோயில்கிட்ட இருக்கிற வீட்டுப் பையன் கார் எடுப்பான், ஆனா அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட்" என்று தொடங்கினார். தங்கச்சி ஒரு காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தாள்.